வீக்க விகிதம்

ஜனவரி 3, புதன்

மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் இந்த டைரியைக் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் இருமல் மருந்தின் பெயர் அச்சாகியிருக்கிறது. போன வருட டைரியில் ஜனவரி ஏழு வரை எழுதியிருக்கிறேன், அதற்கு முந்தைய வருடம் ஐந்து வரை. ஆக, முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிற்காலத்தில் யாராவது என் வாழ்க்கை வரலாறு எழுத வந்தால் சிரமப்படக் கூடாது என்பதற்காக: பெயர் மாரீஸ்வரன். வயது முப்பத்தொன்பது. அருப்புக்கோட்டைக்கு வெளியே ஒரு பார்மசி கல்லூரியில் உதவிப் பேராசிரியர். பகுதி நேர பிஎச்.டி. மாணவன், ஏழாவது வருடம். ஜூன் முப்பதுக்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பிஎச்.டி. இல்லாவிட்டால் அடுத்த வருடம் வேலையும் இருக்காது என்று நிர்வாகம் அன்பாகச் சொல்லிவிட்டது.

என் ஆராய்ச்சி வாய்ப்புண்ணுக்கான படலம். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஒரு பொடியை வாலை வடிநீரில், அதாவது காய்ச்சி வடித்த சுத்த நீரில் கரைத்து, வலி மரத்துப்போகும் மருந்தைக் கலந்து, தட்டில் ஊற்றிக் காய வைத்து, உரித்து, பொட்டு அளவுக்கு வெட்ட வேண்டும். கன்னத்தின் உட்புறம் ஒட்டினால் அது எச்சிலை உறிஞ்சி மெல்ல உப்பி, நான்கு மணி நேரமாவது கரையாமல் இருந்து, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். என் படலம் இருபதாவது நிமிடத்தில் ரசத்தில் போட்ட அப்பளமாகிவிடுகிறது. ஏழு வருடமாக அப்பளம்தான்.

ஜனவரி 5, வெள்ளி

இருபத்திரண்டாவது நிமிடத்தில் கரைந்தது. இரண்டு நிமிட முன்னேற்றம் என்று வழிகாட்டியிடம் சொன்னேன். டாக்டர் ஹெலன் புஷ்பம் மேடம்தான் என் வழிகாட்டி, துறைத் தலைவரும் அவரே. கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை அடுப்பங்கரையில் வைத்தால் பால் திரிந்துவிடும்.

ஜனவரி 9, செவ்வாய்

இன்று மின்விசிறியை அணைத்துவிட்டு ரீடிங் எடுத்தேன். தராசு நான்கு தசம இடம் காட்டும், காற்றுப்பட்டால் எண் ஆடும். படலத்தை இடுக்கியால் எடுத்து, வடிதாளில் ஒற்றி, எடை போட்டு, மறுபடி நீருக்குள் விட வேண்டும். ஐந்தாவது நிமிடம், பத்தாவது, பதினைந்தாவது. முப்பது வினாடி தாமதித்தாலும் அந்த ரீடிங் போச்சு. இந்த நேரத்தில்தான் நம் லேப் உதவியாளர் பஞ்சவர்ணம் அக்காவுக்கு உலகத்தில் உள்ள பேச்செல்லாம் வரும்.

"சார், அந்த தண்ணி வடிக்கிற மிசின்ல காயில் எரிஞ்சு போச்சு."

"ம்."

"ஆபீஸ்ல சொன்னேன். இப்போதைக்கு வராதாம். கேன் காலியா கெடக்கு. போர் தண்ணிய ஊத்தி வைக்கட்டுமா?"

"ஊத்துங்கக்கா, எதையாவது ஊத்துங்க. ரீடிங் எடுக்கும்போது பேசாதீங்க."

அக்கா போய்விட்டார். பதினைந்தாவது நிமிட எடையைக் காப்பாற்றிவிட்டேன். விஞ்ஞானத்துக்கு முதல் தேவை ஒருமுகப்பட்ட கவனம் என்று பி.பார்ம். பிள்ளைகளுக்கு நாளை சொல்ல வேண்டும்.

ஜனவரி 12, வெள்ளி

வீட்டில் சாம்பார் சரியில்லை. பருப்பு கல்லு கல்லாகக் கிடந்தது. சுகந்தி, என் மனைவி, தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். "பைப்புல நல்ல தண்ணி வந்து பன்னெண்டு நாளாச்சுங்க" என்றாள். பருப்புக்கும் பைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு போனாள். பொங்கலுக்கு முந்தைய வாரம் பெண்களுக்கு எரிச்சல் வருவது இயல்பு.

ஜனவரி 19, வெள்ளி

இதை உடனே எழுதியாக வேண்டும்.

பொங்கல் விடுமுறைக்கு முன் ஊற்றி வைத்த படலத்தை இன்று சோதித்தேன். இருபதாவது நிமிடம் கரையவில்லை. நாற்பது. ஒரு மணி நேரம். சாப்பிடப் போகவில்லை. நான்கு மணி நேரத்தில் தன் எடையைப் போல மூன்று மடங்கு நீரைக் குடித்துவிட்டு, மாப்பிள்ளை மாதிரி உப்பி உட்கார்ந்திருந்தது. ஆறு மணி நேரம் ஆயிற்று. காவலாளி கதவைப் பூட்ட வந்ததால் நிறுத்தினேன்.

என்ன மாற்றினேன்? யோசித்துப் பார்த்தேன். இந்த முறை ஒரே திசையில் கலக்கினேன், வலஞ்சுழியாக. அதுதான். வேறென்ன இருக்க முடியும்?

ஜனவரி 23, செவ்வாய்

வலஞ்சுழியாகக் கலக்கினேன். ஆறு மணி நேரம்.

ஜனவரி 27, சனி

மூன்றாவது தடவையும் அதே. கரைசல் முன்பைவிடக் கொழகொழவென்று வருகிறது, லேசாகக் கலங்கலும் இருக்கிறது. வெற்றிக்கு முன்னால் கலங்கல் என்ன பெரிய விஷயம்.

பிப்ரவரி 8, வியாழன்

மருந்து சேர்க்காத படலம் ஒன்றை என் கன்னத்திலேயே ஒட்டிப் பார்த்தேன். ஒட்டிய பத்தாவது நிமிடம் முதல்வர் அழைத்தார். வீங்கிய கன்னத்துடன் "ஷொல்லுங்க ஷார்" என்றேன். "கல்லூரி வளாகத்துல பாக்கு போடக்கூடாதுன்னு சர்க்குலர் பாக்கலையா மாரீஸ்வரன்?" என்றார். ஆறு மணி நேரம் அது அங்கேயே இருந்தது. மதியச் சாப்பாட்டை இடது பக்கமாக மென்றேன்.

வீக்க விகிதம் என்று ஒன்று உண்டு. ஊறிய எடையிலிருந்து உலர் எடையைக் கழித்து, உலர் எடையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். எனக்கும் போட்டுப் பார்த்தேன். கல்யாணத்தன்று ஐம்பத்தெட்டு கிலோ, இப்போது எண்பத்தொன்று. நாற்பது சதவிகிதம். என் படலம் முன்னூறு. நான் இன்னும் வளர வேண்டியவன்.

பிப்ரவரி 24, சனி

மதுரைக் கருத்தரங்கில் முதல் பரிசு! ஒரு கேடயம், ஒரு பொன்னாடை. 'கலக்கும் திசையின் தாக்கம்' என்று ஒரு பக்கமே பேசினேன். கேள்வி நேரத்தில் ஒருவர், "கரைக்க எந்த நீர் பயன்படுத்துனீங்க?" என்று கேட்டார். சிரிப்பு வந்தது. "வாலை வடிநீர்தான் சார், வேறென்ன?" என்றேன். அரங்கமும் சிரித்தது.

மேடம் முதல் தடவையாகக் கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தார். ஏப்ரல் 12 அன்று பல்கலைக்கழக நிபுணர்கள் முன் தீசிஸ் சுருக்கம் வாசிக்கத் தேதி வாங்கித் தந்துவிட்டார். பொன்னாடையை சுகந்தியிடம் கொடுத்தேன். நல்ல கனமான துணி என்று சொல்லி டிவிக்குப் போர்த்தினாள்.

மார்ச் 5, செவ்வாய்

அடுத்த மாதம் கல்லூரி அங்கீகாரத்துக்காக ஆய்வுக் குழு வருவதால் எல்லாம் புதிதாகின்றன. லேப்புக்கு வர்ணம் அடித்தாயிற்று. நீர் வடிக்கும் இயந்திரமும் புதிது, பளபளவென்று. அக்கா ஏதோ சொல்ல வந்தார். "நல்லாயிருக்குக்கா" என்று சொல்லிவிட்டேன். அதைத்தான் சொல்ல வந்திருப்பார்.

மார்ச் 8, வெள்ளி

இருபதாவது நிமிடத்தில் கரைந்தது.

மார்ச் 9, சனி

பத்தொன்பது.

மார்ச் 12, செவ்வாய்

கடந்த நான்கு நாட்களில் சந்தேகப்பட்டவை: பொடி டப்பா, தராசு, வர்ண வாசனை, மார்ச் மாத வெயில், என் கைக்கடிகாரம் கலக்கியின் மேல் செலுத்தும் காந்த விசை, சனிப் பெயர்ச்சி. இடஞ்சுழியாகவும் கலக்கிப் பார்த்துவிட்டேன்.

மேடத்திடம் சொல்லாமல் முடியவில்லை. "ஒரு மாசம் முன்னாடி ஆறு மணி நேரம் நின்னது இப்ப ஏன் நிக்கல? என்ன மாறுச்சு?" என்று கேட்டார். அந்தப் பார்வை. "தட்டெல்லாம் அக்காதான் மேடம் கழுவுறாங்க. சோப்பு சரியாப் போகலையோ என்னமோ" என்றேன்.

நான் யார்மீதும் குறை சொல்லவில்லை. ஒரு சாத்தியத்தைச் சொன்னேன். விஞ்ஞானி எல்லாச் சாத்தியங்களையும் சொல்லத்தான் வேண்டும்.

மார்ச் 14, வியாழன்

சாத்தியம் முதல்வர் அறை வரை போய்விட்டது. பஞ்சவர்ணம் அக்காவுக்கு மெமோ. ஆய்வுக் குழு வரும் நேரத்தில் அலட்சியம், மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. பதினாறு வருடமாக வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம்.

மார்ச் 15, வெள்ளி

மெமோ ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு யாரிடம் வருவார்? என்னிடம்தான் வந்தார்.

"நீங்க நல்லா எழுதுவீகள்ல சார். பதில் எழுதிக் குடுங்க."

"என்னன்னு எழுதணும்க்கா?"

"நான் நல்லாத்தான் கழுவி வச்சேன்னு எழுதுங்க. தேய்க்கிறதும் அலசுறதும் கேன் தண்ணியிலதான். பொங்கல்லேருந்து போன மாசம் வரைக்கும் சோப்புல நொரையே வராது, அரை மணி நேரம் தேச்சிருக்கேன். இந்தப் புது மிசின் வந்த பெறகுதான் பொங்கி வருது. அதையும் எழுதுங்க."

நுரையை எழுதவில்லை. அது விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது. மற்றதை நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். "யாரு சார் நம்ம மேல சொல்லிருப்பாக?" என்று கேட்டார். பேனா எழுதவில்லை என்று உதறினேன். அது நன்றாகத்தான் எழுதிக்கொண்டிருந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். பழம் வீட்டில் மேஜை மேல் இருக்கிறது. தின்ன முடியவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

மதியம் குக்கர் எட்டாவது விசில் அடித்தது. திறந்தால் பருப்பு விறைத்துக்கொண்டு கிடக்கிறது. சுகந்தி அதை அப்படியே வைத்துவிட்டு, எதிர் வீட்டிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் வாங்கி வந்தாள். அதே டப்பாவிலிருந்து வேறு பருப்பு எடுத்துப் போட்டாள். மூன்றே விசில். வெண்ணெய் மாதிரி குழைந்துவிட்டது.

"ஒரே பருப்புதானே?" என்றேன்.

"உப்புத் தண்ணியில பருப்பு வேகாதுன்னு ஊருக்கே தெரியும். போருத் தண்ணியில ஊறினது கட்டிப் போயிரும், கரையவே கரையாது. கெமிஸ்ட்ரி படிச்சவுகளுக்கு மட்டும்தான் தெரியாது போல."

கரையவே கரையாது. கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். போர் நீரில் சுண்ணாம்புச் சத்து. அது பருப்பின் சதையை உள்ளுக்குள் கட்டிப்போட்டுவிடுகிறது, அதனால் குழைவதில்லை. என் கடற்பாசிப் பொடியையும் அதே சுண்ணாம்புச் சத்து அதே மாதிரி கட்டிப்போடும். எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன், வருடா வருடம், இரண்டு மதிப்பெண் கேள்வியாக.

கட்டிப்போட்ட படலம் நீரைக் குடித்து உப்பும், ஆனால் கரையாது. அப்படியானால் ஜனவரியில் என் கேனில் என்ன இருந்தது?

மார்ச் 18, திங்கள்

இரண்டு தட்டுகள் ஊற்றினேன். ஒன்று புது இயந்திரத்தின் வடிநீர். இன்னொன்று லேப் வாசல் குழாயின் போர் நீர். இரண்டையும் திசை பார்க்காமல் கலக்கினேன்.

மார்ச் 19, செவ்வாய்

வடிநீர்ப் படலம்: இருபது நிமிடம். போர் நீர்ப் படலம்: ஆறு மணி நேரம், அதன் பிறகும் அசையவில்லை.

ஒரு வினாடி துள்ளினேன். அடுத்த வினாடி மதுரை அரங்கத்தின் சிரிப்பு காதில் கேட்டது. 'வாலை வடிநீர்தான் சார், வேறென்ன?'

பிறகு இந்த டைரியைப் பின்பக்கமாகப் புரட்டினேன். ஜனவரி 9. நானே என் கையால் எழுதியிருக்கிறேன். காயில். போர். ஊற்றட்டுமா. ஊத்துங்கக்கா. அவர் கேட்டிருக்கிறார். நான் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். பதினைந்தாவது நிமிட எடையைக் காப்பாற்றியதற்குப் பெருமை வேறு பட்டிருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்துக்கு மெமோவே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 20, புதன்

ஒரு சுலபமான வழி இருக்கிறது. கால்சியத்தைத் திட்டமிட்டுச் சேர்த்ததாக எழுதிவிடலாம். 'ஆய்வாளரின் உள்ளுணர்வு' என்று ஒரு வரி. ஏப்ரல் 12 அன்று வாசித்துவிடலாம். அக்காவின் மெமோ சோப்பு சம்பந்தப்பட்டது, அதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவருக்குத் தெரிந்திருப்பதே அவருக்குத் தெரியாது. இன்னொருவர் நான்.

சுகந்தியிடம் வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தாளுக்கு டாக்டர் பட்டம் கெடைச்சிரும். அந்தக்காவுக்கு வேலை?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கொய்யாப்பழம் அழுகிட்டு இருக்கு, திங்கலைன்னா தூக்கிப் போடுங்க" என்றாள்.

வெட்கமாக இருக்கிறது. இதை வேடிக்கையாக எழுத வரவில்லை.

மார்ச் 21, வியாழன்

டைரியையே எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். வேறு எழுத்துச் சாட்சி எதுவும் இல்லை. "ஜனவரி ஒன்பதாம் தேதி மட்டும் படிங்க மேடம்" என்றேன். இரண்டு பக்கமும் விரலை வைத்து அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்துக் காட்டினேன். அவர் என் விரல்களை மெதுவாக எடுத்துவிட்டு, டைரியை வாங்கிக்கொண்டார். முதலிலிருந்து படித்தார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருபது நிமிடம் போயிற்று. என் படலமாக இருந்தால் கரைந்திருப்பேன்.

"பால் திரிஞ்சிரும்," என்றார் கடைசியில்.

"மேடம், அது வந்து..."

"நல்லாத்தான் எழுதுறீங்க. தீசிஸையும் இந்த மாதிரி எழுதியிருந்தா போன வருஷமே முடிஞ்சிருக்கும்."

பிறகு குரல் மாறிற்று. "அந்தம்மா உங்ககிட்டயே பதில் எழுதக் குடுத்தாங்களா?"

"ஆமா மேடம்."

"எழுதினீங்களா?"

"எழுதினேன் மேடம்."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணாடி இல்லாத பார்வை இன்னும் மோசமாக இருந்தது. "பொடியில பிரச்சினைன்னா பொடிய மாத்தலாம். இதுக்கு நான் என்ன பண்றது?" என்றார்.

அரை மணி நேரத்தில் முடிவு சொல்லிவிட்டார். கேடயத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும், காரணத்தோடு. ஏப்ரல் 12 தேதி ரத்து. அதே போர் நீரில், அதன் சுண்ணாம்புச் சத்தை அளந்து, முதலிலிருந்து மூன்று தொகுதிப் படலங்கள் செய்ய வேண்டும். ஜூன் முப்பது மாறாது. முடிந்தால் தீசிஸ், முடியாவிட்டால் இல்லை.

மார்ச் 22, வெள்ளி

அக்காவின் மெமோவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இன்று ஒரு மெமோ எனக்கு வந்தது. பதிலை யாரிடம் எழுதி வாங்குவது என்று தெரியவில்லை.

அக்காவிடம் நானே சொன்னேன். தட்டு கழுவிக்கொண்டிருந்தார், நுரை பொங்கிக்கொண்டிருந்தது. "உங்க மேல சொன்னது நான்தான்க்கா" என்றேன். கேன் குழாயை மூடினார்.

"அன்னைக்கே சொன்னேன்ல சார், போர் தண்ணின்னு."

"சொன்னீங்கக்கா."

"ஒரு வாரமா எனக்குச் சோறு எறங்கல. மகளுக்குப் போன் பண்ணி, அம்மாவுக்கு வேலை போயிரும் போலன்னு அழுதேன். நீங்க எதுக்கவே இருந்தீக."

மன்னிப்புக் கேட்டேன். குழாயைத் திறந்து தட்டைக் கழுவத் தொடங்கினார். இன்று கொய்யாப்பழம் வரவில்லை.

மார்ச் 30, சனி

கேடயம் தபாலில் போயிற்று. சுகந்திதான் முத்திரை குத்தினாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக. பொன்னாடையைக் கேட்கவில்லை என்பதால் டிவி தப்பித்தது.

ஏப்ரல் 6, சனி

அக்கா வேலையைக் குறைவில்லாமல் செய்கிறார். என்னோடு பேச்சு மட்டும் கிடையாது. லேப் இப்போது அமைதியாக இருக்கிறது, ரீடிங் எதுவும் தவறுவதில்லை. ஏழு வருடமாக இந்த அமைதிக்குத்தான் ஏங்கினேன். கிடைத்ததும் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

முதல் தொகுதி முடிந்தது. ஆறு மணி நேரம் தாண்டி நின்றது. கேனில் பழைய 'டிஸ்டில்டு வாட்டர்' ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு 'போர் தண்ணி' என்று எழுதி ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்தும் இல்லை, மேடத்தினுடையதும் இல்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

இரண்டாவது தொகுதி. மின்விசிறி அணைத்த அறை, நாற்பது டிகிரி வெயில். இருபத்தைந்தாவது நிமிடம் எடுத்தாயிற்று. முப்பதுக்கு இன்னும் ஒரு நிமிடம், இடுக்கி கையில் இருந்தது. வாசலில் அக்கா வந்து நின்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"சார், அந்தப் போரு..." என்றவர், இடுக்கியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "ரீடிங்கா? பெறகு வாறேன்."

இடுக்கியைக் கீழே வைத்தேன். கடிகாரத்தில் முப்பது ஆகிக்கொண்டிருந்தது. பார்க்காமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

"இல்லக்கா, சொல்லுங்க. என்ன?"

அவர் நம்பவில்லை. தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"போர்ல தண்ணி அடியாழத்துக்குப் போயிருச்சு. காலையிலேருந்து மோட்டார் காத்தைத்தான் இழுக்குது. தொட்டியில இருக்குறதோட சரி. நாளையிலேருந்து வேற ஊரு லாரித் தண்ணி. உங்களுக்கு அந்தத் தண்ணிதான வேணும்?"

மூன்றாவது தொகுதி முழுவதும் பாக்கி. லாரி நீர் வேறு, அதன் சுண்ணாம்பு வேறு. ஜூன் முப்பது மாறாது. நாளைக்குச் சொல்லியிருந்தால் நான் தொலைந்தேன்.

"எவ்ளோ நேரம் இருக்கும்க்கா தொட்டியில?"

"ஆஸ்டல் பிள்ளைக மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவுற வரைக்கும். எந்திரிங்க."

நான் நான்கு கேன், அக்கா நான்கு கேன். எண்பத்தொரு கிலோ உதவிப் பேராசிரியர் மொட்டை வெயிலில் ஓடுவதை மாணவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள், யாரோ விசில்கூட அடித்தார்கள். கடைசிக் கேன் பாதி நிரம்பும்போது குழாய் இருமி நின்றது. ஏழரை கேன். மூன்றாவது தொகுதிக்கு ஐந்தே போதும். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மிச்சத்துல பருப்பு மட்டும் வேக வச்சிராதீக" என்றார். மேடம் டைரியிலிருந்து என்னென்ன சொல்லியிருக்கிறார் என்று இனிமேல்தான் விசாரிக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது நாற்பத்தெட்டாவது நிமிடம். படலம் உப்பிக்கொண்டு அப்படியே இருந்தது. அட்டவணையில் முப்பதாவது நிமிடத்துக்கான கட்டம் காலி. அக்கம்பக்கத்து எண்களை வைத்து ஒன்றை எழுதினால் யாருக்கும் தெரியாது. எழுதவில்லை. 'விடுபட்டதற்கான காரணம்' என்ற இடத்தில் எழுதினேன்:

அக்கா பேசிக்கொண்டிருந்தார்.